எத்தனை மணிக்குப் பெரட்டு?

கோலாலம்பூர் விமான நிலையத்தில் என் பையைத் திறந்த சுங்க அதிகாரி உள்ளேயிருந்து ஒரு வெள்ளைத் துணிக் காலுறையை எடுத்தார். பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு கையாலும் அள்ளினார். இருபது ஜோடி, எல்லாம் முழங்கால் வரை வரும் சிறுபிள்ளை அளவு. "புட்பால்?" என்று கேட்டார். அட்டை கடிக்காமல் இருக்கப் போடுவது என்பதை எந்த மொழியில் சொல்வது என்று தெரியவில்லை. தலையாட்டினேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் பையை மூடினார். இப்படியாக ஒரு கால்பந்துக் குழுவின் பயிற்சியாளனாக மலேசியாவுக்குள் நுழைந்தேன்.

உண்மையில் நான் போடி மலையடிவாரத்தில் ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலை பார்க்கிறவன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை மாதம் இரண்டு முறை மலையில் நடக்க அழைத்துப் போவோம். வழி தெரிந்தவன் நான். பேசுகிறவர் எங்கள் நிர்வாகி. முந்தைய வருடம் மலாக்காவிலிருந்து சுற்றுலா வந்த திலகவதி என்ற ஆசிரியை எங்களோடு ஒருநாள் நடந்தார். தன் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு நாள் வேண்டும், யாராவது வந்து தொடங்கி வைத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நிர்வாகி கிளம்ப வேண்டிய நேரத்தில் அவருக்குக் கண் அறுவை சிகிச்சை. "நீ போயிட்டு வா. பேச்சையெல்லாம் டீச்சர் பாத்துக்குவாங்க" என்றார். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் விமானம் ஏறினேன்.

திலகவதி டீச்சரும் அவர் கணவரும் மலாக்கா பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தார்கள். டீச்சர் கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களா அண்ணே?" என்பது. எங்கள் பக்கம் "சாப்டாச்சா" என்போம். பசி ஆறியதா என்று கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆறவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் ஆறிவிட்டது என்றேன். இரவு ஏழரை வரை பட்டினி.

அவர்கள் வீடு ஆயர் குரோவில். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், வீட்டுக்கு இரண்டு கார். மறுநாள் காலையில் வழக்கம்போல நடக்கக் கிளம்பினேன். அகலமான சாலை, இருபுறமும் வெட்டிவிட்ட புல், மனித நடமாட்டம் இல்லை. பத்து நிமிடத்தில் ஒரு கார் ஓரமாக நின்றது. கண்ணாடியை இறக்கி ஒருவர், "அண்ணே, காடி ரோசாக்கா? மெக்கானிக் கூப்பிடவா?" என்றார். கார் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்கிறார் என்பது சற்றுப் பொறுத்துப் புரிந்தது. சும்மா நடக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனார்.

அன்று மலாக்கா நகரத்துக்குப் போனோம். செலவை ஏற்றுக்கொண்டிருந்த ஹாஜியாரைப் பார்க்க வேண்டும். வழியில் காரிலேயே டீச்சர் விஷயத்தைச் சொன்னார். மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அவருடைய தமிழ்ப்பள்ளியில் நாலு, ஐந்து, ஆறாம் வகுப்புகள் மூன்றும் சேர்ந்தே பத்தொன்பது பிள்ளைகள். வெளி நடவடிக்கைக்கு அரசாங்கம் பணம் தருகிறது, ஆனால் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துத் தருகிறது. பெரிய பள்ளிக்கு அது கட்டுப்படியாகும். "பஸ்காரன் தலைய எண்ணி வாடகை கேக்க மாட்டான்ல அண்ணே. பத்தொம்பது பிள்ளைக்கும் ஒரே பஸ்ஸு, நாப்பது பிள்ளைக்கும் ஒரே பஸ்ஸு" என்றார். அதனால் மூன்று வருடங்களாக இந்தப் பிள்ளைகள் வகுப்பை விட்டு எங்கும் போகவில்லை.

போடியிலும் இதே சிக்கல்தான். அங்கே ஒரு ஜீப் உரிமையாளர் மனமிரங்கி வண்டி தருவார். பிள்ளைகளை அடுக்கி ஏற்றிக்கொண்டு போய்விடுவோம். இங்கே அப்படி முடியாது. கல்வி அலுவலகத்தின் அனுமதி, காப்பீடு, இத்தனை பிள்ளைக்கு இத்தனை பெரியவர் என்று ஒரு பட்டியல், ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்துப் போட்ட பாரம், அதாவது சம்மதப் படிவம். எல்லாவற்றையும் டீச்சர் முடித்திருந்தார். துணைக்கு வர இன்னும் ஒரு பெரியவரும் பெற்றோர் பாரங்களும் மட்டும் பாக்கி. இவற்றை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை ஆயர் குரோவில் இருக்கும் காட்டில் ஒரு நாள் முழுக்க வகுப்பு.

ஹாஜியார் மளிகைச் சாமான் மொத்த வியாபாரி. அவருடைய பாட்டனார் ராமநாதபுரம் பக்கமிருந்து வந்தவராம். கடைக்குள் நுழைந்ததும் ஏலக்காய் வாசனை அடித்தது, கொஞ்சம் தெம்பாக இருந்தது.

"உக்காருங்க. தண்ணி என்னா?" என்றார்.

"அந்தப் பழக்கமெல்லாம் இல்லைங்க" என்றேன்.

கடை முழுக்கச் சிரித்தது. இங்கே தண்ணி என்றால் தேநீர், காப்பி, மீலோ, எதுவும். டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டார். ஹாஜியார் மட்டும் சிரிக்காமல், "பாவம்லா, ஊருலேருந்து வந்திருக்காரு. தே ஒண்ணு கொண்டாங்க" என்றார். தமிழ்நாட்டை இங்கே ஊர் என்றே சொல்கிறார்கள். சொற்கள் கடல் தாண்டும்போது பொருள் மாறிவிடும் என்று அன்றைக்குப் படித்தேன். அந்த ஒரு சொல்லோடு பாடம் முடிந்தது என்று எண்ணியது என் தவறு.

தேநீர் வந்ததும் ஹாஜியார் தன் நிபந்தனையைச் சொன்னார். "டீச்சர், முன்னயே சொன்னதுதான். பத்தொம்பது பிள்ளையும் போகணும். பாதிப் பிள்ளை பஸ்ஸுல, பாதிப் பிள்ளை வீட்டு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு... அந்தக் காரியத்துக்கு நான் காசு குடுக்க மாட்டேன். ஒரு பிள்ளை கொறஞ்சாலும் வேண்டாம். ஒங்க பள்ளிக்கூடம் இல்லாட்டி வேற பள்ளிக்கூடம் கேக்குறாங்க."

"எல்லாரும் வருவாங்க ஹாஜியார்" என்றார் டீச்சர். மேசைக்குக் கீழே அவர் கை புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் பள்ளிக்குப் போனோம். மெர்லிமாவ் தாண்டிச் சிறிது தூரம், அங்கிருந்து செம்மண் பாதை. இரண்டு பக்கமும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. பகல் பத்து மணிக்கும் உள்ளே இருட்டு. முன்பு இங்கே ரப்பர் இருந்தது என்றும், தமிழ்க் குடும்பங்கள் லயங்கள் என்ற வரிசை வீடுகளில் இருந்தன என்றும் டீச்சர் சொன்னார். இப்போது பெரும்பாலானவர்கள் மெர்லிமாவில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். தோட்ட வேலைக்கு வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பள்ளிக்கூடம் மட்டும் இடம் பெயராமல் நிற்கிறது. பிள்ளைகள் டவுனிலிருந்து வேனிலும் அப்பா அம்மாவின் மோட்டார் சைக்கிளிலும் தோட்டத்துக்குப் படிக்க வருகிறார்கள். எங்கள் ஊரில் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போவார்கள்.

பெற்றோர் கூட்டம் பள்ளிச் சாப்பாட்டுக் கொட்டகையில் நடந்தது. முப்பது பேர் இருப்பார்கள். டீச்சர் எழுந்து வணக்கம் சொல்லித் தொடங்கிய நேரத்தில் அவருடைய கைபேசி அடித்தது. கல்வி அலுவலகம். "அண்ணே, ரெண்டு நிமிஷம், நீங்க சொல்லிக்கிட்டு இருங்க" என்று வெளியே ஓடினார்.

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நிர்வாகி வழக்கமாகச் சொல்வதை நினைவில் தேடி எடுத்துச் சொன்னேன்:

"பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். அங்க போயி கையால வேலை செஞ்சு கத்துக்கிடுவாங்க."

பின்வரிசையில் தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒரு பெண் எழுந்தார். சரோஜா என்று பிறகு தெரிந்துகொண்டேன். மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "எத்தன மணிக்குப் பெரட்டு?"

பெரட்டு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. எத்தனை மணிக்கு என்பது புரிந்தது. கிளம்பும் நேரத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "காலைல ஆறு மணிக்குங்க" என்றேன்.

கொட்டகை அதிர்ந்தது. ஒருவர் மேசையைத் தட்டினார். "அப்பிடிப் போடு! வேற யாரு சொல்லுவா!" என்று ஒரு குரல். "சம்பளம் வாரத்துக்கா, மாசத்துக்கா?" என்று இன்னொரு குரல். எனக்குப் பெரிய நிம்மதி. என் வாழ்க்கையில் முப்பது பேரை நான் சிரிக்க வைத்ததில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். அவர்கள் எழுந்து, மோட்டார் சைக்கிள்களை உதைத்துக் கிளம்பிப் போனார்கள்.

டீச்சர் திரும்பி வந்தபோது நாற்காலிகள் மேல் பாரங்கள் அப்படியே கிடந்தன. கையெழுத்துப் போட்டவை நான்கு.

"என்னா ஆச்சு அண்ணே?"

"நல்லாத்தான் சிரிச்சாங்க" என்றேன்.

பாம்புக்குப் பயப்படுகிறார்கள் என்று டீச்சர் முடிவு செய்தார். அவர் நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். இரவு அசாம் பெடாஸ் என்ற புளிப்பான மீன் குழம்பு வைத்திருந்தார். எங்கள் வீட்டுப் புளிக்குழம்புக்கு ஒன்றுவிட்ட சகோதரி போல இருந்தது. அவர் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

நான்காம் நாள், புதன்கிழமை. டீச்சருக்கு அலோர் காஜாவில் ஒரு பயிற்சி. நான் பேருந்தில் பள்ளிக்குப் போய், வந்திருக்கும் பாரங்களை வாங்கி வைப்பது என்று ஏற்பாடு. பேருந்தில் நடத்துநர் இல்லை. எங்கள் ஊரில் நடத்துநர் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் கத்துவார், இறங்காவிட்டால் திட்டி இறக்குவார். இங்கே ஓட்டுநர் ஒருவர்தான். இறங்க வேண்டியவர்கள் மேலே இருக்கும் பொத்தானை அழுத்துகிறார்கள். மெர்லிமாவ் கடைத்தெரு தெரிந்தது. பொத்தானுக்குக் கீழே ஒரு மலாய்க்கார அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் கையை நீட்டத் தயங்கினேன். யாராவது அழுத்துவார்கள் என்று காத்திருந்தேன். அன்று மெர்லிமாவில் இறங்க வேண்டியவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. பேருந்து சுங்கை ரம்பை வரை போய்விட்டது.

இறங்கி எதிர்ப்பக்கம் நின்றேன். முக்கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி ஒன்று என்னைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. ஓட்டுநருக்கு என் வயது இருக்கும். எட்டிப் பார்த்து, "எங்க போவணும்?" என்றார். பள்ளியின் பெயரைச் சொன்னேன். அவர் என் துணிப்பையையும் செருப்பையும் பார்த்தார்.

"நீங்கதானா அந்தக் காட்டு வாத்தியாரு?"

ஏறிக்கொண்டேன். அவர் பெயர் மணியம். மகள் யாழினி அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. முந்தின நாள் அவர் வரவில்லை, ஆனால் நடந்ததை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

"ஆறு மணிக்குப் பெரட்டுன்னு நீங்க சொன்னீங்களாம்லா. டவுனு முழுக்க அதான் பேச்சு."

"பெரட்டுன்னா என்னங்க?"

வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். உண்மையாகத்தான் கேட்கிறேன் என்று தெரிந்ததும் சொன்னார். விடியுமுன் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. அனுப்பும் இடத்துக்குப் பெயர் காடு. ரப்பர் இருந்தாலும் காடு, செம்பனை இருந்தாலும் காடு. காட்டுக்குப் போகிறேன் என்றால் கூலி வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம்.

"எங்கம்மா காட்டுக்குப் போச்சு. நான் பதினாறு வயசுல காட்டுக்குப் போனேன். எம் மக போகக் கூடாதுன்னுதான் இந்த லாரிய ஓட்டுறேன். நீங்க ஊருலேருந்து பிளேன் ஏறி வந்து, பிள்ளைங்கள காட்டுக்குக் கூப்பிட்டு, கையால வேல செய்யச் சொன்னா, அவங்க சிரிக்காம என்னா செய்வாங்க? நல்லவங்க, அடிக்காம விட்டாங்க."

எனக்குக் காது சுட்டது. காரணம் மணியத்துக்குத் தெரியாது. எங்கள் ஊரிலும் அதே சொல்தான். போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்குப் போகிறவர்கள் ஏலக்காட்டு வேலைக்குப் போகிறார்கள். என் அம்மா முப்பது வருடம் போனார். ஐந்தாம் வகுப்பு முடித்த மறுவாரம் அதே ஜீப்பில் என்னையும் ஏற்றினார். காடு என்றால் வேலை என்பது பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். அறக்கட்டளையில் சேர்ந்து, படித்தவர்கள் காடு, காடு என்று ஆசையாகச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு மறந்திருக்கிறேன்.

இதை மணியத்திடம் சொன்னேன். யாரிடமும் நான் இவ்வளவு பேசுவதில்லை. லாரியில் இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது வசதியாக இருந்தது.

"அப்ப ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரிஞ்சிருக்கணும்."

கொஞ்ச தூரம் போனதும், "கேம்பிங்னு சொல்லுங்கலா. பெரியவங்க இருந்தா ரிம்பான்னு சொல்லுங்க. வெட்டாத காட்ட நாங்க அப்பிடித்தான் சொல்லுவோம். காடுங்கிற பேச்சே எடுக்காதீங்க" என்றார்.

பள்ளி வாசலில் இறங்கும்போது, யாழினியின் பாரத்தைப் பற்றி மெல்லக் கேட்டேன். "அதுக்கு சனிக்கிழம டியூசன் இருக்கு" என்று கியரைப் போட்டார்.

மறுநாள் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்றேன். டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். நான் பேசட்டுமா என்றார். வேண்டாம், சொன்னவன் நான்தான் என்றேன். பெற்றோர்கள் மோட்டார் சைக்கிள்களில் உட்கார்ந்தபடி காத்திருந்தார்கள். சரோஜாதான் முதலில் பார்த்தார்.

"வாங்க மண்டோரு! இன்னிக்கு யாருக்கு வெட்டு, யாருக்குப் புல்லு?" என்றார். மண்டோர் என்றால் ஆட்களை வேலை வாங்கும் மேற்பார்வைக்காரர், வெட்டு என்றால் ரப்பர் பாலுக்கு மரப்பட்டையைக் கீறுவது, புல் என்றால் களையெடுப்பது. அதையும் மணியம் சொல்லிக் கொடுத்திருந்ததால் இந்த முறை புரிந்தது.

"நான் அஞ்சாவதோட காட்டு வேலைக்குப் போனவன்" என்றேன். எல்லாரும் பார்த்தார்கள். பையிலிருந்து காலுறை ஒன்றை எடுத்தேன், கையில் வைத்துக்கொண்டால் பேச்சு வரும்போலிருந்தது. "நேத்துத்தான் பெரட்டுன்னா என்னன்னு தெரிஞ்சுது. ஒங்க பிள்ளைகள வேலைக்குக் கூப்பிடல. பாக்கக் கூப்பிடறேன். நடக்கலாம், உக்காரலாம், பறவை சத்தம் கேக்கலாம். சாயங்காலம் கொண்டாந்து விட்டுருவோம். அவ்வளவுதான்."

"இது என்னா, காலுக்கா?" என்று சரோஜா காலுறையைப் பிடுங்கிப் பார்த்தார். "அட்டைக்கா? எங்க காலத்துல சவுக்காரத்தத் தேச்சுக்கிட்டுப் போவோம். இப்பப் பாரு, பிள்ளைங்களுக்கு ஸ்டாக்கிங்ஸு!" சிரித்தார்கள். இது வேறு மாதிரிச் சிரிப்பு. அவர் பாரத்தை வண்டி இருக்கையின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "ஆறு மணிக்கு வேணாம் மண்டோரே. இங்க ஏழு மணிக்குத்தான் விடியும்."

அது எனக்குத் தெரியாமல் போனது. எங்கள் ஊர் ஆறு மணி வெளிச்சத்தை நினைத்துச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் காதில் அது இருட்டில் கூப்பிடுவதாகவே விழுந்திருக்கிறது.

அன்று மாலைக்குள் பதினெட்டுப் பாரங்கள் வந்துவிட்டன. வெள்ளிக்கிழமை காலையும் பதினெட்டு. டீச்சர் ஹாஜியாரைக் கைபேசியில் கூப்பிட்டு, ஒன்றுதான் குறைகிறது என்றார். மறுமுனையில் அவர், "யாரு அந்தப் பிள்ள? அது வாசல்ல நிக்கும்ல?" என்று கேட்டது எனக்கே கேட்டது. அலுவலகத்தில் பாரம் கொடுக்க மதியம் வரை நேரம்.

டீச்சரின் காரில் செம்பனை ஆலைக்குப் போனோம். லாரிகள் வரிசையாக நின்றன. மணியம் தன் லாரி நிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"உக்காந்து சாப்பிடுங்க" என்றேன்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. ஒரு நாளு டியூசன் போனா போனதுதான்" என்றார்.

டீச்சர் வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். மணியம் சொல்வதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு குலையில் ஈ மொய்த்தது. அவர் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார்.

"அங்க என்னாதான் செய்வாங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டாங்க. பாக்கணும்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"சும்மா பாக்குறதுக்கு ஒருத்தரு பஸ்ஸு குடுத்து, சாப்பாடு குடுத்து, ஊருலேருந்து ஆளும் வர வச்சிருக்காரா?"

"ஆமாங்க."

அவர் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "எங்கம்மா அத்தன வருசம் காட்டுல இருந்துச்சு. வெட்டுற பட்டையத் தவிர வேற எதையும் பாத்திருக்காது." பிறகு பாரத்தை வாங்கி லாரிக் கதவில் வைத்து, மெதுவாக முழுப்பெயரையும் எழுதினார். "ஒரு பெரியவரு கொறையுதுன்னு பட்டியல்ல சொன்னாங்களே, அது கெடச்சிருச்சா?"

அடுத்த சனிக்கிழமை எட்டு மணிக்கு ஆயர் குரோ காட்டின் வாசலில் பேருந்து நின்றது. பத்தொன்பது பிள்ளைகள். அந்தக் காட்டில் அட்டை மிகவும் குறைவு என்று காவலர் சொன்னார். அப்படியும் பத்தொன்பது பேரும் முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டார்கள். சுங்க அதிகாரி பார்த்திருந்தால் கட்டைவிரலை மறுபடியும் உயர்த்தியிருப்பார். துணைக்கு மணியமும் சரோஜாவும் வந்திருந்தார்கள். சரோஜா இரண்டு கையையும் குவித்து, "பெரட்டு!" என்று கத்தினார். பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியாது. அது ஏதோ விளையாட்டு என்று நினைத்து, இடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

நான் முன்னால் நடந்தேன். பத்து மணி வாக்கில் ஓர் இடத்தில் எல்லாரையும் உட்கார வைத்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். மணியத்தைக் காணவில்லை. திரும்பிப் போனேன். பாதையோரத்தில் ஒரு வயதான ரப்பர் மரம் நின்றது, எப்போதோ யாரோ விட்டுப்போனது. பட்டையில் பழைய வெட்டுகள் மூடிக் கரடு தட்டியிருந்தன. மணியம் அதன்முன் நின்று கட்டைவிரலால் பட்டையைச் சாய்வாகத் தடவிக்கொண்டிருந்தார். கத்தி எங்கே தொடங்க வேண்டும் என்று அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது.

எனக்குப் பின்னால் யாழினி ஓடி வந்தாள். "அப்பா, என்னா செய்றீங்க? எல்லாரும் அங்க ஒக்காந்திருக்காங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார். தலையை நிமிர்த்தி மரத்தின் உச்சி வரை பார்த்தார்.

"ஒண்ணுமில்லலா. சும்மா பாக்குறேன்."